முடியைவிட மெல்லிய நூல், கறிக்கடை சிக்கன் தொடை... கை வீக்கத்துக்கான 'சூப்பர் மைக்ரோ சர்ஜரி'யை டாக்டர்கள் கற்பது எப்படி?

முதலில் வளையல்தான் காட்டிக் கொடுக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் தாண்டி, 'இனி ஒண்ணும் இல்லை' என்று வீட்டுக்கு வந்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் ஒரு கையில் மட்டும் வளையல் ஏறாது. ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். 'நேத்து துணி நிறைய துவைச்சோம், அதான்' என்று பலரும் அதை விட்டுவிடுவார்கள். சில மாதங்களில் கை கனக்க ஆரம்பிக்கும். அதன் பிறகு வெளியே போகும்போதெல்லாம் முந்தானையால் கையை மூடிக்கொள்வது பழக்கமாகிவிடும்.

இந்த வீக்கத்துக்குப் பெயர் லிம்ஃபெடீமா. தமிழில் நிணநீர்த் தேக்க வீக்கம் என்கிறார்கள். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5ல் ஒருவருக்கு இது வருகிறது. ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கும் முறையில் இந்த ஆபத்து நன்றாகவே குறைவு.

இதற்கு ஆபரேஷன் உண்டா? உண்டு. ஆனால் அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. அந்தக் கைகள் எப்படி உருவாகின்றன, ஏன் அதற்கு இவ்வளவு நாள் ஆகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நிணநீர் என்றால் என்ன?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்று பாட்டி சொல்வாங்க இல்லையா? அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களுக்குள் போகும் நீரில் ஒரு பகுதி தானாக ரத்தத்துக்குத் திரும்பாது. அதை வாரி எடுத்து, முடிச்சுகளில் வடிகட்டி, கழுத்துக்குக் கீழே இருக்கும் பெரிய சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்பு முழுக்க மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. தினமும் சில லிட்டர் திரவம் இப்படித்தான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஊரில் வடிகால் வாய்க்கால் செய்யும் வேலைதான்.

அக்குளில் முடிச்சுகளை எடுத்தாலோ, அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தாலோ வாய்க்கால் அடைபடும். தண்ணீர் கையிலேயே தேங்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு இதே சிக்கல் காலில் வரலாம். நம்ம ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: யானைக்கால். க்யூலெக்ஸ் கொசு கொண்டுவரும் ஃபைலேரியா புழு, குடியிருக்க இடம் பிடிப்பதே இந்த நிணநீர்க் குழாய்களுக்குள்தான். குழாய் விரிந்து, வால்வு கெட்டு, ஓட்டம் நின்றுபோகும். 2016ல் இலங்கை யானைக்கால் நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு அங்கீகரித்தது. ஆனால் புழு பரவுவது நின்றாலும், ஏற்கெனவே வீங்கிய கால் தானாக வடிந்துவிடாது.

தமிழ் இலக்கியம் படித்த பழக்கதோஷத்தில் ஒரு குறிப்பு. சங்க இலக்கியத்தில் 'நிணம்' என்றால் கொழுப்பு. நிணநீர் என்று பெயர் வைத்தவர்கள் இதை யோசித்தார்களோ இல்லையோ, பொருத்தம் ஆச்சரியமானது. ஏனென்றால் தேங்கிய நீர் வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் கொழுப்பு சேரும், தோலுக்கு அடியில் தழும்புத் திசு வளரும். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்த கை, பிறகு கெட்டியாகிவிடும். இந்த ஒரு மாற்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் யாருக்குப் பலிக்கும் என்பதற்கு இது முக்கியம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

சிம்பிளா சொன்னா, வாய்க்கால் மேலே அடைபட்டிருக்கிறது. அதனால் அடைப்புக்கு முன்னாடியே தண்ணீரைப் பக்கத்து ஆற்றில் திருப்பி விடுகிறார்கள். ஆறு என்பது சிரை. தோலுக்குக் கீழே இருக்கும் ஒரு நிணநீர்க் குழாயை, பக்கத்தில் ஓடும் ஒரு சின்ன சிரையோடு இணைத்துத் தைக்கிறார்கள். இதற்குப் பெயர் நிணநீர் - சிரை இணைப்பு. மருத்துவமனையில் 'எல்.வி.ஏ.' என்பார்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெட்டு போதும். பல இடங்களில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே செய்கிறார்கள். ஒரே கையில் மூன்று, நான்கு இடங்களில் இணைப்பு கொடுப்பது வழக்கம்.

அவ்ளோதானா என்று தோன்றும். இங்கதான் விஷயமே இருக்கு. அந்தக் குழாயின் குறுக்களவு 0.3 முதல் 0.8 மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனாவின் முனையில் இருக்கும் குண்டுமணியே பெரும்பாலும் இதைவிடப் பெரிது. ரத்தக்குழாயாவது சிவப்பாகத் தெரியும். நிணநீர் கிட்டத்தட்ட நிறமில்லாதது, குழாய்ச் சுவரும் கண்ணாடி மாதிரி. மஞ்சள் கொழுப்புக்குள் அதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

தைக்கும் நூல் 11-0 அல்லது 12-0 நைலான். பூஜ்ஜியத்துக்கு முன்னால் எண் கூடக்கூட நூல் மெல்லிசாகும். விரல் ரத்தக்குழாய்களைத் தைக்கும் 10-0 நூலே தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குதான். இது அதைவிட மெல்லியது. மேஜையில் விழுந்தால் தேட முடியாது, மூச்சுக்காற்றில் பறந்துவிடும். இதையெல்லாம் 20 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துத்தான் செய்கிறார்கள். 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் இந்த வேலைக்கு 'சூப்பர் மைக்ரோ சர்ஜரி' என்று பெயர். இதை வளர்த்தெடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த இசாவோ கோஷிமா.

கையை அடக்கப் பழகுவது

எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். எல்லாம் முடித்தவரும் இந்த மைக்ரோஸ்கோப் முன்னால் முதல் நாள் எல்.கே.ஜி.தான். காரணம் எளிது. எல்லோருடைய கையும் நடுங்கும். சும்மா நீட்டிய விரலில்கூட கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் இருக்கிறது. 20 மடங்கு பெரிதாக்கினால் அந்த நடுக்கமும் 20 மடங்கு. ஊசி முனை திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஆடும்.

அதனால் முதல் பாடம் தைப்பது இல்லை, உட்காருவது. நாற்காலி உயரம், முழங்கையை எங்கே ஊன்றுவது, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையை மேஜையில் பதித்து விரல் நுனியை மட்டும் அசைப்பது, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கருவி மாற்றுவது. காபி விஷயத்திலும், முந்தைய நாள் ஜிம்மில் வெயிட் தூக்கும் விஷயத்திலும் பயிற்சியாளர்கள் கறார்.

கருவிகளைப் பார்த்தால் நகைக்கடை ஞாபகம் வரும். மைக்ரோசர்ஜரியில் அடிப்படைக் கருவியான மெல்லிய இடுக்கி, வாட்ச் ரிப்பேர்காரரும் நகைப் பத்தரும் வைத்திருக்கும் அதே சாமணத்தின் வாரிசுதான். ஆங்கிலத்திலும் அதை 'ஜுவல்லர்ஸ் ஃபோர்செப்ஸ்' என்றே அழைக்கிறார்கள்.

அடுத்து ரப்பர் ஷீட். ஒரு கீறல் போட்டு, அதைத் தைக்க வேண்டும். தையலுக்குத் தையல் இடைவெளி சமமா, முடிச்சு சரியாக விழுந்ததா என்று பார்ப்பார்கள். பிறகு சிலிகான் டியூப். சில இடங்களில் ஜப்பானின் கொன்யாகு நூடுல்ஸைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். வழவழவென்று, கொஞ்சம் இழுத்தாலும் கிழிகிற அந்த நூடுல்ஸ், 'அழுத்திப் பிடிக்காதே' என்ற பாடத்தை எந்தப் புரொஃபசரைவிடவும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

சிக்கன் லெக் பீஸ் எதற்கு?

உலகம் முழுக்க மைக்ரோசர்ஜரி கிளாஸ்களில் ஒரு பொது நண்பன் உண்டு: கறிக்கடை கோழி. கோழித் தொடையில் தசைகளை விலக்கினால் எலும்பை ஒட்டி ஓடும் தமனியும் சிரையும் கிடைக்கும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், ஆரம்பக்காரருக்குச் சரியான அளவு. அதிலிருந்து தசைக்குள் பிரியும் கிளைகளைத் தேடிப் போனால் அரை மில்லிமீட்டர் குழாய்கள் வரும். நிணநீர்க் குழாயின் அளவு அதுதான். விலை குறைவு, நிஜமான திசு. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கும் வேலையும் இல்லை.

கோழிக்கு ஒரே குறை, அதில் ரத்தம் ஓடாது. தையல் ஒழுகுகிறதா, உள்ளே ரத்தம் உறைகிறதா என்று தெரியாது. அதற்குத்தான் மயக்க மருந்து கொடுத்த எலி. அதன் தொடைத் தமனி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். தைத்து முடித்து கிளாம்ப்பை எடுத்ததும், பாஸா ஃபெயிலா என்று அங்கேயே தெரிந்துவிடும். தைத்த இடத்துக்கு அப்பால் இரண்டு சாமணத்தால் குழாயை மெல்லப் பிடித்து, நடுவில் உள்ள ரத்தத்தை வழித்துவிட வேண்டும். இப்போது தையல் பக்கம் உள்ள சாமணத்தை மட்டும் விட்டால், காலியான இடம் சட்டென்று நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை என்றால் அடைப்பு. இந்தச் சோதனையில் மழுப்ப வழியே இல்லை.

எல்லோரும் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. முன்சுவரைத் தைக்கும்போது ஊசி பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் தையல் அழகாக இருக்கும், உள்ளே வழி மூடியிருக்கும். இதைப் பிடிக்க, தைத்த குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உள்பக்கத்தை போட்டோ எடுத்துத் தவறுகளை எண்ணி மார்க் போடும் முறை லண்டனில் உருவானது. 10 வகைத் தவறுகளின் பட்டியலே அதில் உண்டு. பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோலத்தான். இந்தத் தவறைத் தவிர்க்க ஜப்பானிய சர்ஜன்கள் ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். மெல்லிய நைலான் துண்டு ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, அதன் மேல் வைத்துத் தைப்பார்கள். கடைசித் தையலுக்கு முன் அதை உருவிவிடுவார்கள். பூத்தொடுக்கும்போது நாருக்குள் ஈர்க்குச்சி வைத்த மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம்.

அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் 5 நாள். ஆனால் 5 நாளில் யாரும் எல்.வி.ஏ. சர்ஜன் ஆகிவிட முடியாது. சைக்கிள் பேலன்ஸ் வருவதற்கு ஆகும் நேரம் என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம். பிறகு மாதக்கணக்கில் பழக வேண்டும். அனுபவசாலிகளுக்கு அசிஸ்டென்ட்டாக நின்று, பெரிய ரத்தக்குழாய்களைத் தைத்து, படிப்படியாகத்தான் அரை மில்லிமீட்டருக்கு இறங்க முடியும். இதற்காகவே தைவானின் சாங் குங் மருத்துவமனை மாதிரி இடங்களுக்குப் பல நாட்டு சர்ஜன்கள் போய்த் தங்கிக் கற்கிறார்கள்.

கை மட்டும் பழகினால் போதுமா?

போதாது. எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரிய வேண்டும். இதற்கு இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை விரல் இடுக்கில் ஊசியால் ஏற்றுவார்கள். இன்ஃப்ராரெட் கேமராவில் பார்த்தால், நன்றாக ஓடும் குழாய்கள் கோடு கோடாக ஒளிரும். கெட்டுப்போன இடத்தில் கோடு இருக்காது. மேகம் மாதிரி, நட்சத்திரங்களை இறைத்த மாதிரி சிதறித் தெரியும். கோடு எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று படித்து, தோலின் மேல் மார்க்கரால் வரைந்துகொள்ள வேண்டும். இதுவும் பயிற்சிதான். எக்ஸ்-ரே படிக்கப் பழகுவது மாதிரி, நிறைய பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

சிரையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தம் அதிகமுள்ள சிரையோடு இணைத்துவிட்டால், நிணநீர் உள்ளே போவதற்குப் பதில் ரத்தம் வெளியே வந்து நிணநீர்க் குழாயை அடைத்துவிடும். சரியாக இணைந்திருந்தால் மைக்ரோஸ்கோப்பிலேயே அது தெரியும். கிளாம்ப்பை எடுத்ததும், சிரைக்குள் இருக்கும் சிவப்பை நிறமில்லாத நிணநீர் தள்ளிக்கொண்டு போகும்.

இதைவிடக் கஷ்டமான பாடம், யாருக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வது. முன்னால் சொன்ன அந்தக் கொழுப்பு ஞாபகம் இருக்கிறதா? வீக்கம் நீராக இருக்கும்வரைதான் வாய்க்காலைத் திருப்பி விடுவதில் முழுப் பலன். கொழுப்பும் தழும்பும் இறுகிவிட்டால், எத்தனை அழகாகத் தைத்தாலும் கை சிறுக்காது. அந்தக் கட்டத்தில் வேறு வழிகள் உள்ளன. உடலின் வேறு இடத்திலிருந்து நிணநீர் முடிச்சை ரத்தக்குழாயோடு எடுத்து வந்து நடுவது ஒன்று. பிரான்ஸின் கொரின் பெக்கரும் தைவானின் மிங்-ஹுவே செங்கும் இதில் முன்னோடிகள். சேர்ந்த கொழுப்பை உறிஞ்சி எடுப்பது இன்னொன்று, அது ஸ்வீடனின் ஹோக்கன் பிரோர்சன் வழி. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க இறுக்கமான ஸ்லீவ் போட்டே ஆக வேண்டும்.

எல்.வி.ஏ. செய்தாலும் 'ஒரே ஆபரேஷன், மறுநாள் பழைய கை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீக்கம் குறையலாம், அடிக்கடி கை சிவந்து காய்ச்சல் வரும் தொற்று குறையலாம், ஸ்லீவ் போடும் நேரம் குறையலாம். ஆளுக்கு ஆள் பலன் வேறுபடும். பிசியோதெரபி, தோல் பராமரிப்பு, ஸ்லீவ் மூன்றும்தான் அடித்தளம்.

தஞ்சாவூரில் அன்றே ஒரு முயற்சி

இந்தக் கதையை வெளிநாட்டோடு நிறுத்திவிட முடியாது. 1960ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜூலியஸ் ஜேக்கப்சன், ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பை வைத்துச் சின்ன ரத்தக்குழாய்களைத் தைத்துக் காட்டினார். கலிஃபோர்னியாவில் ஹாரி பங்க்கே தன் வீட்டு கார் ஷெட்டிலேயே லேப் அமைத்து, முயல் காதை வெட்டி ஒட்டிப் பழகினார். 1977ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த பெர்னார்ட் ஓ'பிரையன் குழு, நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைத்த அனுபவத்தை வெளியிட்டது.

சில வருடங்களே கழித்து, 1981ல், 'லிம்ஃபாலஜி' என்ற சர்வதேச மருத்துவ இதழில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் எஸ்.ஜமால், யானைக்கால் நோயாளிகளுக்கு இந்த இணைப்பைச் செய்ததைப் பற்றி எழுதினார். காவிரிக் கரையில் யானைக்கால் தெருவுக்குத் தெரு இருந்த காலம். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். தேவை எங்கே அதிகமோ அங்கே, ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் இது நடந்திருக்கிறது என்பதை டெல்டாவுக்கு வெளியே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். எனக்கும் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

ரோபோ வந்துவிட்டதே?

வந்திருக்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில், கை நடுக்கத்தை வடிகட்டும் 'மூசா' என்ற ரோபோவை வைத்து எல்.வி.ஏ. செய்து பார்த்து, அதன் முடிவை 2020ல் வெளியிட்டார்கள். 20 நோயாளிகள், ஒரு பிரிவுக்கு ரோபோ, மறு பிரிவுக்கு வெறும் கை. இதில் கவனிக்க வேண்டிய எண் வேறு. ரோபோவில் ஓர் இணைப்பைத் தைக்க ஆரம்பத்தில் 33 நிமிடம் ஆனது, போகப் போக 16 நிமிடமாகக் குறைந்தது. ரோபோ அதேதான். கற்றுக்கொண்டது அதை இயக்கிய சர்ஜன். மெஷின் வாங்கிவிட்டால் பயிற்சிச் செலவு மிச்சம் என்று எந்த மருத்துவமனையாவது கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு தப்பு.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

மெஷினில் சிக்கித் துண்டான கையை ஒட்டவைத்த செய்தியை எங்கள் டெஸ்க்கிலேயே அடிக்கடி போடுகிறோம். அதுவும் மைக்ரோசர்ஜரிதான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறைக்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. கோவை கங்கா மருத்துவமனை மைக்ரோசர்ஜரி பயிற்சிக் கூடமே நடத்துகிறது. அதாவது 1 மில்லிமீட்டர் வரை இறங்கிய கைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மிச்சம் இருப்பது கடைசி அரை மில்லிமீட்டர்.

அந்த அரை மில்லிமீட்டருக்கு உயர் ரக மைக்ரோஸ்கோப், இன்ஃப்ராரெட் கேமரா, மெல்லிய ஊசி எல்லாம் வேண்டும். அதோடு ஓர் இணைப்புக்காக மணிக்கணக்கில் உட்காரும் சர்ஜனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் நேரம் ஒதுக்க வேண்டும். விபத்து கேஸ்கள் வரிசையில் நிற்கும் மருத்துவமனையில் 'கை வீக்கம்தானே, அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போவது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் நீர் கொழுப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. உயிர் போகாது என்பதாலேயே வரிசையில் கடைசிக்குப் போகும் நோய் இது.

இத்தாலியின் ஜெனோவாவில் பொக்கார்டோ குழு வேறு மாதிரி யோசித்தது. வீக்கம் வரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? அக்குள் முடிச்சுகளை எடுக்கும் அதே ஆபரேஷனிலேயே, அறுபட்ட நிணநீர்க் குழாய்களைப் பக்கத்துச் சிரைக்குள் திருப்பிவிடும் முறையை 2009ல் வெளியிட்டார்கள். இதற்குப் புற்றுநோய் சர்ஜனும் மைக்ரோசர்ஜனும் ஒரே தியேட்டரில் ஒரே நாளில் இருக்க வேண்டும். மறுபடியும் அதே கேள்விதான் வருகிறது, பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்?

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால்...

மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்கள் மோதிரம், வளையல், ஜாக்கெட் கை, கொலுசு இறுக்கத்தைச் சாதாரணமாக விட வேண்டாம். இரண்டு கைகளின் சுற்றளவையும் மாதம் ஒரு முறை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். கை திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கால் வீக்கம் உள்ளவர்கள் விரல் இடுக்குகளைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைப்பது தொற்றைத் தடுக்கும்.

ஆபரேஷன் பேச்சு வந்தால் கேட்கத் தயங்க வேண்டாத கேள்விகள் உண்டு. என் கையில் இருப்பது நீரா, கொழுப்பா? சாயம் ஏற்றி ஸ்கேன் பார்த்தீர்களா? நீங்கள் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்லீவும் பிசியோதெரபியும் யார் பார்த்துக்கொள்வார்கள்? நல்ல சர்ஜன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சை தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனையோடு எடுக்கவும்.)